பல வாசல், ஒரு வீடு



உத்தியோகத்தின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ தமிழகத்தை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள நம் போன்றோருக்குக் கடிதப் போக்குவரத்தே உறவுகளின் உயிர்நாடி. முன்னாளில் அப்போக்குவரத்து முழுவதும் தபால்காரர் ஒருவரின் பையில் அடங்கியிருந்தது. ஊரிலிருந்து வரும் நலம் விசாரிப்பும், வங்கியின் கணக்கும், கல்யாணப் பத்திரிகையும் ஒரே வாசலில் வந்து விழும். இன்றைய நிலை வேறு. ஊரில் இருக்கும் தாயார் வாட்ஸ்அப்பில் தம் குரலைப் பதிந்து அனுப்புகிறார். சிங்கப்பூரில் வாழும் மைத்துனர் ஃபேஸ்புக்கில் எழுதுகிறார். பிள்ளையின் பள்ளிக்கூடத்து அறிவிப்பு மின்னஞ்சலில் வருகிறது. தமிழ்ச் சங்கத்தின் கூட்ட அழைப்போ டெலிகிராம் குழுவில் கிடக்கிறது. வீடு ஒன்று, வாசல்கள் பல. அவசரச் செய்தியொன்று, நாம் பார்க்க மறந்த வாசலிலேயே கிடந்து பழையதாகிப் போவதும் உண்டு.

இவ்வாசல்கள் அனைத்தும் ஒரே கூடத்தில் வந்து திறக்குமாறு, நம் மேசைக் கணிப்பொறியில் ஒரே செயலியை வைத்துக்கொள்ள இயலுமா? இக்கேள்விக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சிறிது அறிந்துகொண்டால், எதனை நம்பலாம், எதனை ஐயுற வேண்டும் என்பது தானே விளங்கும்.

முதலில் மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். 1971-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு வலையமைப்பின் வழியே மடல் அனுப்பிக் காட்டினார். 1982-இல் மடல்களைக் கொண்டு செல்வதற்கான பொது விதிகள் எழுதி வெளியிடப்பட்டன. அவ்விதிகள் எவருடைய தனிச் சொத்தும் ஆகா. ஆதலால் ஒரு நிறுவனத்தின் அஞ்சல் முகவரியிலிருந்து மற்றொரு நிறுவனத்தின் முகவரிக்கு எழுதுவதில் தடையே இல்லை. நான்கு முகவரிகளை வைத்திருப்பவரும் அவற்றின் மடல்களை ஒரே செயலியில் பெறலாம். 2004-இல் முதற்பதிப்பு வெளிவந்த தண்டர்பேர்டு என்னும் இலவசச் செயலி இப்பணியை இன்றும் செய்து வருகிறது.

உரையாடல் சேவைகளின் கதை இதற்கு நேர்மாறானது. 1996-இல் இஸ்ரேலிலிருந்து ஐ.சி.க்யூ. வந்தது, 1997-இல் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனமும், 1998-இல் யாஹூவும், 1999-இல் மைக்ரோசாஃப்டும் தத்தம் தூதுச் சேவைகளைத் தொடங்கின. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டது. ஒன்றில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு பேச வழியில்லை. ஒரு நிறுவனத்தின் தொலைபேசியிலிருந்து வேறொரு நிறுவனத்தின் தொலைபேசியை அழைக்க முடியாது என்று ஒருவர் விதி செய்தால் நாம் நகைப்போம். உரையாடல் சேவைகளில் அவ்விதியை உலகமே ஏற்றுக்கொண்டது.

மதில்களின் மேல் ஏணி சாத்த முற்பட்டோரும் உண்டு. பின்னாளில் பிட்ஜின் எனப் பெயர் பெற்ற செயலி 1998-இலும், டிரில்லியன் என்பது 2000-இலும் தோன்றின. பல சேவைகளில் உள்ள நண்பர்களின் பெயர்களை ஒரே பட்டியலில் இவை காட்டின. இதனை நிறுவனங்கள் விரும்பவில்லை. 2002-இல் ஏ.ஓ.எல். நிறுவனம் டிரில்லியன் வழியாக வருவோரைத் தடுத்தது. டிரில்லியனை இயற்றியோர் வேறு வழி கண்டனர். மீண்டும் தடை வந்தது. இதற்கிடையில், மின்னஞ்சலைப் போன்றே உரையாடலுக்கும் பொது விதிகள் வேண்டும் என்ற நோக்குடன் 1999-இல் ஜாபர் என்னும் முயற்சி தொடங்கி, 2004-இல் இணையத் தர நிர்ணயக் குழுவின் ஏற்பையும் பெற்றது. ஆயினும் பெருநிறுவனங்கள் அவ்வழியில் நிலைத்து நிற்கவில்லை.

உரையாடல், மின்னஞ்சல், சமூக வலைத்தளம் ஆகிய மூன்றையும் ஒருங்கே தர முனைந்த செயலிகளுள் குறிப்பிடத்தக்கது டிக்ஸ்பி. 2008-இல் இது பொதுமக்களின் கைக்கு வந்தது. யாஹூ, மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியவற்றின் உரையாடல்களும், பல அஞ்சல் பெட்டிகளும், ஃபேஸ்புக், டுவிட்டர் செய்திகளும் இதன் ஒரே சாளரத்தில் தோன்றின. புதிய உரையாடல் செய்தி வந்தால் திரையின் மூலையில் சிறு அறிவிப்பு எழும். அவ்வறிவிப்பிலிருந்தபடியே மறுமொழியும் எழுதலாம். பலரும் இதனைப் பெரிதும் விரும்பினர்.

ஆனால், 2009-இல் ஒரு செய்தி வெளியாயிற்று. கணிப்பொறியை உரியவர் பயன்படுத்தாமல் விட்டிருக்கும் வேளையில், அதன் ஆற்றலை வேறு கணக்கீட்டுப் பணிகளுக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அச்செயலிக்குள் இருந்தது. நிபந்தனைகளின் நீண்ட பட்டியலில் அது எழுதப்பட்டே இருந்தது, படித்தவர் சிலரே. கண்டனம் எழுந்தது. 2011-இல் அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. சில காலத்தில் அச்செயலியின் வளர்ச்சியும் நின்றது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் தெளிவானது. எல்லா வாசல்களின் சாவியையும் ஒருவரிடம் கொடுப்பதாயின், அவர் யார், அவருக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் முதலில் கேட்டறிய வேண்டும். வீட்டுச் சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்லும்போது இவ்வெச்சரிக்கையை நாம் இயல்பாகவே மேற்கொள்கிறோம். கணிப்பொறியின் முன் அமர்ந்தவுடன் ஏனோ அது மறந்துபோகிறது.

மற்றொரு பாடமும் உண்டு. மதிலுக்குள் வாழும் சேவை, மதிலின் சொந்தக்காரர் நினைத்த நாளில் முடிந்துவிடும். நம் நாட்டில் இலட்சக்கணக்கானோர் கூடிய ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. ஏ.ஓ.எல். தூதுச் சேவை 2017-இலும், யாஹூ தூதுச் சேவை 2018-இலும், ஐ.சி.க்யூ. 2024-இலும், ஸ்கைப் 2025 மே மாதத்திலும் முடிவுற்றன. காலஞ்சென்ற தந்தையார் எழுதிய வரிகளும், பேரக்குழந்தையின் முதற்படங்களும் இத்தகைய இடங்களில் இருந்திருக்கும். உரிய காலத்தில் எடுத்து வைத்தவர்களுக்கே அவை எஞ்சின. பிட்ஜின் போன்ற செயலிகளைக் கையாண்டோரின் எழுத்துரையாடல்கள் அவர்தம் கணிப்பொறியிலேயே பதிவாகி நின்றன. கடிதக்கட்டு நம் பெட்டியில் இருப்பதன் பயன் இதுவே.

இன்று கிடைக்கும் செயலிகளை இருவகையாகப் பிரிக்கலாம். முதல்வகை, சட்டம் போன்றது. ராம்பாக்ஸ், ஃபெர்டியம் என்பன இவ்வகையின. ஒவ்வொரு சேவையின் இணையப் பக்கத்தையும் ஒரே சட்டத்திற்குள் அடுக்கி வைப்பதே இவற்றின் வேலை. வாசல்கள் தனித்தனியே இருக்கும். ஆயினும் ஒரே தாழ்வாரத்தில் நடந்து ஒவ்வொன்றையும் எட்டிப் பார்க்கலாம். இரண்டாம் வகை, பாலம் போன்றது. பீப்பர் என்பது இவ்வகை. பல சேவைகளின் செய்திகளை இது ஒரே பட்டியலாகக் கலந்து தருகிறது. சௌகரியம் இதில் மிகுதி. ஆராய வேண்டியதும் மிகுதி. அனுப்புவோரிடம் பூட்டப்பட்டுப் பெறுவோரிடம் மட்டுமே திறக்க வேண்டிய மடல், நம் கருவியிலேயே திறக்கப்படுகிறதா, இடையில் வேறோர் இடத்தில் திறக்கப்பட்டு மறுபடி பூட்டப்படுகிறதா என்பதை அறிந்த பின்னரே இத்தகைய பாலத்தில் கால் வைத்தல் தகும்.

ஐரோப்பிய ஒன்றியம் மதில்களைச் சட்டத்தினாலேயே தணிக்க முனைந்துள்ளது. அங்குள்ள டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின்படி, மிகப்பெரிய தூதுச் சேவைகள், பிற சேவைகள் கோரினால் அவற்றோடு செய்தி பரிமாற இடமளிக்க வேண்டும் என்னும் கடமை 2024 மார்ச் முதல் ஏற்பட்டது. அச்சட்டம் ஐரோப்பாவுக்கே உரியது. எனினும் வழி ஒன்று உண்டு என்பதை அது காட்டுகிறது.

இனி, நடைமுறைக்கு வருவோம். மின்னஞ்சல்களை ஒன்றுசேர்ப்பதே முதற்படி. அதில் ஆபத்துக் குறைவு. வெளிச்செயலி ஒன்றை இணைக்கையில், கடவுச்சொல்லை அச்செயலியிலேயே எழுதாமல், அஞ்சல் சேவையின் சொந்தப் பக்கத்தில் அனுமதி அளிக்கும் முறையைக் கைக்கொள்ளுதல் நன்று. அவ்வனுமதியை வேண்டும்போது திரும்பப் பெறலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பை எல்லாச் சேவைகளிலும் அமைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலை மாதம் ஒருமுறை நோக்கி, அறியாத கருவி இருந்தால் நீக்கிவிடுவோம். கைப்பேசியை 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாவிடில் அவ்விணைப்புகள் அறுந்துபோகும் என்பதும் நினைவிற்குரியது. அலுவலகக் கணிப்பொறியில் குடும்பத்தின் வாசல்களைத் திறவாதிருத்தல் இரு தரப்புக்கும் நலம்.

இவற்றோடு, அறிவிப்பு ஒலிகளையும் வகைப்படுத்துவோம். ஊரில் தனித்திருக்கும் பெற்றோரின் செய்திக்கு மட்டும் ஒலி எழட்டும். விற்பனையாளரின் விளம்பரம் ஓசையின்றி ஓரத்தில் கிடக்கட்டும். எல்லாச் செய்திக்கும் ஒரே மணி அடித்தால், நாளடைவில் எந்த மணிக்கும் நாம் செவி சாய்ப்பதில்லை. வாசல்களை ஒன்றாக்குவதன் நோக்கம், நம்மை நாடி வருவோருள் யாருக்கு முதலில் எழுந்து செல்ல வேண்டும் என்பதைக் காண்பதேயாகும். அத்தீர்ப்பை எந்தச் செயலியும் நமக்காகச் செய்ய இயலாது.

இவ்வாரம் ஓய்வுள்ள ஒரு மாலைப்பொழுதில், நம் வாசல்கள் எத்தனை, அவற்றின் சாவிகள் யார் யாரிடம் உள்ளன என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்போமாக. போற்றிக் காக்க வேண்டிய உரையாடல்களையும் படங்களையும் அன்றே நம் பெட்டிக்கு எடுத்து வைப்போமாக.