நல்லிணக்கம் என்னும் சொல்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாக் காணும் நமது சங்கத்தின் மேடையில், ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம். ‘கான்கார்டு’ என்பது அச்சொல். நல்லிணக்கம், மன ஒற்றுமை என்பன அதன் பொருள். பிரிட்டனும் பிரான்சும் இணைந்து உருவாக்கி, 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிச் சென்ற அதிவேக விமானத்திற்கும் இப்பெயரே இடப்பட்டது. இரு நாடுகளும் இணங்கிச் செய்த பணி என்பதை அப்பெயர் உணர்த்திற்று.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. ‘கான்’ என்றால் ஒருங்கே. ‘கார்’ என்றால் இதயம். இதயங்கள் ஒன்றுபட்ட நிலையே ‘கான்கார்டியா’. பிணக்கைக் குறிக்கும் ‘டிஸ்கார்டு’, நெஞ்சார்ந்த அன்பைக் குறிக்கும் ‘கார்டியல்’, துணிவைக் குறிக்கும் ‘கரேஜ்’ ஆகிய சொற்களும் இவ்வேரிலிருந்து கிளைத்தவையே. இணக்கமும் நெஞ்சுரமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

பண்டைய உரோமாபுரியில் பெட்ரிசியர் என்னும் உயர்குடியினரும், பிளெபியர் என்னும் பொதுமக்களும் பிரிந்து வாழ்ந்தனர். இரு பிரிவினரும் மணவுறவு கொள்வதைப் ‘பன்னிரு பலகை’ச் சட்டம் தடை செய்தது. போராட்டத்தின் பயனாக, கி.மு. 445இல் அத்தடை நீங்கியது. கி.மு. 367இல் கான்சல் என்னும் உயர் பதவியும் பிளெபியர்க்குத் திறந்துவிடப்பட்டது. அந்த உடன்பாட்டின் நினைவாகவே ‘கான்கார்டியா’ தேவிக்குக் கோயில் எடுக்க நேர்ந்துகொண்டனர் என்பது உரோமானியர் மரபு. அங்கே உரிமை முதலில் வந்தது. கோயில் பின்னர் வந்தது.

இதற்கு நேர்மாறான காட்சியையும் அந்நகரம் கண்டது. ஏழைகளுக்கு நிலமும் மலிவு விலையில் தானியமும் கிடைக்கப் பாடுபட்ட கேயஸ் கிராக்கஸ், கி.மு. 121இல் தம் ஆதரவாளர்களோடு அழிக்கப்பட்டார். மாண்டோர் 3,000 பேர் என்று புளூட்டார்க் எழுதுகிறார். படை நடத்திய கான்சல் ஒப்பீமியஸ், அதன்பின் அதே தேவியின் கோயிலைப் புதுப்பித்துக் கட்டினான். வெகுண்ட மக்களுள் யாரோ ஒருவர், பிணக்கின் வெறியே இக்கோயிலைக் கட்டிற்று என்னும் பொருள்பட, இரவோடிரவாக அதில் எழுதி வைத்தாராம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1948 பிப்ரவரி 21 அன்று அண்ணல் அம்பேத்கர் அரசியலமைப்பு வரைவை அரசியல் நிர்ணய சபைத் தலைவருக்கு அனுப்பினார். முகப்புரையில் சகோதரத்துவத்தைச் சேர்த்தமைக்குக் காரணம் கூறுமிடத்து, சகோதர நல்லிணக்கம் முன்னெப்போதையும்விட இப்போது தேவை என்றார். அங்கே அவர் கையாண்ட சொல் ‘கான்கார்டு’ என்பதே. ஆனால் அவர் அதைத் தனித்து நிற்க விடவில்லை. அதே முகப்புரையில் நீதியும், சுதந்திரமும், சமத்துவமும் உண்டு. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சாதி உள்ளவரை சகோதரத்துவம் வேரூன்றாது என்பதையும் 1949 நவம்பர் 25 அன்று அவர் சபையில் எடுத்துரைத்தார்.

ஊரில் ஒரு கொடுமை நிகழ்ந்த பின்னர்ச் சமாதானக் கூட்டம் கூட்டப்படுவதுண்டு. “பழையதை மறந்து ஒற்றுமையாக இருங்கள்” என்று அடிபட்டவனுக்கே அறிவுரை கூறப்படுவதும் உண்டு. நாம் ஒற்றுமைக்குப் பகைவரல்லர். ஆயினும், கையொப்பமிடும் முன் சில வினாக்களை எழுப்பக் கடமைப்பட்டுள்ளோம். பொதுக் கிணறும் பொதுப் பாதையும் நமக்குத் திறந்தனவா? இரட்டைக் குவளை அகன்றதா? கொடுத்த புகார் நிலைத்து நிற்கிறதா? இவற்றிற்கு விடையில்லாத சமாதானம் ஒப்பீமியஸ் கட்டிய கோயிலை ஒத்ததே.

இவ்வினாக்களைப் பணிவோடும், அதே வேளையில் அஞ்சாமலும் கேட்பதற்குக் கல்வி வேண்டும். தாளில் எழுதியிருப்பதைப் படித்துணர்ந்த பின்னரே கையொப்பமிடும் தலைமுறையை உருவாக்குவதே இச்சங்கத்தின் பணி. படித்த நம் பிள்ளைகள் அப்பணியைத் தொடர்வார்களாக.