பெயர் தேடிப் போகிறவர்கள்



கோபிநத்தம் கர்நாடக எல்லையில் உள்ள ஊர். அங்கே தமிழ் பேசும் மக்கள் வாழ்கிறார்கள். அங்கிருந்து காவிரியைத் தாண்டினால் தருமபுரிச் சீமை. அந்தச் சீமையில் பழைய நடுகற்கள் பல உண்டு.

நடுகல் என்றால் என்ன? சண்டையில் இறந்தவனுக்காக நட்ட கல். மாடுகளை மீட்கப் போய் மாண்டவன் உண்டு. ஊரைக் காக்கப் போய் மாண்டவன் உண்டு. சில கற்களில் எழுத்தும் இருக்கும். இறந்தவன் பெயர் அதில் வெட்டியிருக்கும். ஆயிரம் ஆண்டு கடந்த கற்களும் உண்டு. அந்தப் பெயர்களை இன்றும் படிக்கலாம்.

எழுதி வைத்த பெயர் நிற்கிறது. எழுதாத பெயர் என்ன ஆகும்? அதற்கு ஒரு கதை உண்டு. நடந்த கதை.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். 1942 பிப்ரவரிக்குள் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போயின. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஒரு ரயில் பாதை போட ஜப்பான் ராணுவம் முடிவு செய்தது. சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். வழியெல்லாம் காடு, மலை, ஆறு. 1942இல் வேலை தொடங்கியது. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது.

வேலை செய்தவர்கள் யார்? ஒரு பக்கம் போர்க் கைதிகள். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என்று சுமார் 60,000 பேர். இன்னொரு பக்கம் ஆசியக் கூலிகள். அவர்கள் 2 லட்சத்துக்கும் அதிகம். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் அவர்களில் இருந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

போரால் தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. "நல்ல சம்பளம், சில மாதத்தில் திரும்பலாம்" என்று ஆசை காட்டினார்கள். வர மறுத்தவர்களைப் பிடித்தும் ஏற்றினார்கள். காட்டில் கஞ்சிக்கும் பஞ்சம். மழையும் மலேரியாவும் வாட்டின. 1943இல் காலரா வந்தது. கொத்துக் கொத்தாக மக்கள் மாண்டார்கள்.

கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகளில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஏன் மதிப்பீடு? சரியான கணக்கு இல்லை.

கைதிகளிடையே அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். யார் எங்கே இறந்தார், எங்கே புதைத்தார்கள் என்று ரகசியமாக எழுதி வைத்தார்கள். பிடிபட்டால் கடும் தண்டனை. ஆனாலும் எழுதினார்கள். போர் முடிந்ததும் 1945இல் அந்தக் குறிப்புகளைக் கொண்டு கல்லறைகளைத் தேடினார்கள். இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரில் சுமார் 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு.

அந்த ஊரில் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். இவர்கள் வெறும் சுற்றுலா வழிகாட்டிகள் அல்ல. ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் பல ஆண்டுகள் பழைய பாதையைத் தேடிக் காட்டில் நடந்தார். 2003இல் அங்கே ஒரு ஆய்வு மையம் திறந்தார்.

ஒரு மகன் அப்பாவைத் தேடி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி முதலில் கேட்பது பெயர். அடுத்து படைப் பிரிவு. அடுத்து படை எண். பிறகு ஏடுகளைப் பார்ப்பார். எந்த முகாம், எந்த மாதம் என்று கண்டுபிடிப்பார். மூங்கில் காட்டுக்குள் கூட்டிப் போவார். "உங்கள் அப்பா வேலை செய்த இடம் இது" என்று காட்டுவார். வந்தவர் அங்கே நின்று அழுவார். மனம் ஆறித் திரும்புவார்.

ஒரு தமிழ்ப் பேத்தி தாத்தாவைத் தேடிப் போனால்? வழிகாட்டி அதே கேள்வியைத்தான் கேட்பார். ஆனால் தேட ஏடு இல்லை. முகாம் தெரியாது. குழி தெரியாது. தாத்தா போனார், வரவில்லை. அவ்வளவுதான் வீட்டில் தெரியும்.

அதற்காக யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மலேசியாவில் மரண ரயில் ஆர்வலர் குழு ஒன்று உண்டு. உயிரோடு திரும்பிய முதியவர்களைத் தேடி அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தார்கள். ஆர். சண்முகம் என்ற மலேசிய எழுத்தாளர் இந்தக் கதையை 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாக எழுதினார். அது 1993இல் வந்தது. அண்மை ஆண்டுகளில் காஞ்சனபுரியில் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் எழுந்துள்ளது. தருமபுரிச் சீமையின் பழைய வழக்கம் கடல் கடந்து போய்விட்டது!

அந்த முதியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. கேட்காமல் விட்ட கதை அவர்களோடே போயிற்று.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்திருக்கலாம். பட்டாளத்துக்குப் போனவர், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர், மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர். இன்று இரவு வீட்டுப் பெரியவர் அருகில் உட்காருங்கள். ஒரு நோட்டை எடுங்கள். ஐந்து விவரம் எழுதுங்கள்: அவர் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், போன இடம், போன ஆண்டு. ஆண்டு தெரியாவிட்டால், "பெரியவன் பிறந்த வருஷம்" என்று அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். பழைய கடிதம், பட்டாளத்துக் காகிதம், பதக்கம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். நாளை உங்கள் பேத்தி தேடிப் போவாள். வழிகாட்டி பெயர் கேட்பார். அவள் கையில் அந்த நோட்டு இருக்க வேண்டும்.