உயரமான ஓட்டுநரும் தாழ்வான காரும்



பிரான்ஸ் நாட்டில் லெ மான் என்றோர் ஊர். ஆண்டுதோறும் அங்கே 24 மணி நேரக் கார் பந்தயம் நடக்கும். 1967 ஜூன் மாதம் நடந்த பந்தயத்தில் வென்றது சிவப்பு நிற ஃபோர்டு கார் ஒன்று. மார்க் ஃபோர் என்று பெயர். டேன் கர்னி, ஏ. ஜே. ஃபாய்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அதை மாறி மாறி ஓட்டினார்கள். 388 சுற்று, 5,200 கிலோமீட்டருக்கு மேல் தூரம், சராசரி வேகம் மணிக்கு 218 கிலோமீட்டர். அந்தக் காரின் படத்தை எங்காவது பார்க்க நேர்ந்தால் கூரையைக் கவனியுங்கள். வழவழவென்று இறங்கும் கூரையில், ஓட்டுநரின் தலைக்கு நேர் மேலே மட்டும் ஒரு புடைப்பு தெரியும். ஏன் என்றால், கர்னியின் உயரம் 6 அடி 4 அங்குலம்.

அந்தக் காருக்கு முன்னோடி ஜிடி 40. பெயரில் இருக்கும் 40 அந்தக் காரின் உயரம்; 40 அங்குலம். தரையிலிருந்து கூரை வரைக்கும் அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் நின்றால் கூரை அவர் இடுப்பளவுக்கு வரும். காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய கார் தாழ்வாகத்தான் இருக்க வேண்டும். இதற்கு மேல் இன்னொரு நெருக்கடியும் வந்தது. மார்க் ஃபோர் உருவாகிக்கொண்டிருந்த சமயத்தில், 1966 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு மைதானத்தில் அதன் முந்தைய வடிவத்தைச் சோதித்துப் பார்த்தபோது கென் மைல்ஸ் என்ற அருமையான ஓட்டுநர் விபத்தில் இறந்துபோனார். அதன் பிறகு காருக்குள்ளே உறுதியான எஃகுக் கூண்டு பொருத்தினார்கள். உயிர் காக்கும் கூண்டுதான். ஆனால் ஏற்கெனவே தாழ்ந்த கூரைக்கு அடியில் அதுவும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொண்டது. தலைக்கவசம் அணிந்த கர்னி நிமிர்ந்து உட்கார வழியில்லை.

அவரைக் குனிந்து ஓட்டச் சொல்லியிருக்கலாம். வேறு ஆளைப் போட்டிருக்கலாம். கூண்டைக் கழற்றியிருக்கலாம். இந்த மூன்றையும் விட்டுவிட்டுக் கூரையை உயர்த்தினார்கள். அதே பந்தயத்தில் மரியோ ஆன்ட்ரெட்டி ஓட்டிய இன்னொரு மார்க் ஃபோர் இரவில் பயங்கரமாக மோதியது. அவர் உயிர் தப்பினார். கூண்டைத் தொடாமல் கூரையைத் தொட்டது எவ்வளவு சரியான முடிவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உயரமானவர்கள் பழைய சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களை ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். வாங்கிவிட்டு, முதுகை வளைத்து, கழுத்தைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, காருக்குத் தங்களைப் பழக்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். அது வேண்டாம். கர்னிக்குச் செய்ததுபோல, மாற வேண்டியது கார். எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்தால் போதும்.

இந்தக் கார்கள் ஏன் இவ்வளவு சிறியவை? இங்கிலாந்தில் 1958-இல் வெளிவந்த ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் மூன்றரை மீட்டர். எஞ்சின் 948 சிசி. சாதாரணக் குடும்பக் கார்களின் பாகங்களைக் கொண்டே குறைந்த விலையில் செய்தது. எஞ்சினின் பலம் குறைவு என்பதால் கார் கனமாக இருக்கக் கூடாது. கனம் குறைய வேண்டுமென்றால் அளவும் குறைய வேண்டும். வெளிப்பக்கம் கதவுக்குக் கைப்பிடிகூட வைக்கவில்லை. உள்ளே உட்காருபவருக்குத் தாராளமாக இடம் கொடுப்பது அந்தக் கணக்கில் கடைசியாகத்தான் வந்தது.

இப்போது, நேயர்களே, நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு காரியம் செய்து பாருங்கள். பக்கத்தில் உங்கள் உயரமே உள்ள ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். எழுந்து நின்றால் இருவரும் ஒரே உயரம். ஆனால் உட்கார்ந்தால் ஒருவர் தலை மேலே தெரியும், இன்னொருவர் முழங்கால் முன்னே நீளும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. "ஆறடி ஆளுக்கு இந்தக் கார் போதுமா?" என்று கேட்பதில் பயனில்லை. உயரம் காலில் இருக்கிறதா, உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் நீண்டவருக்கு ஸ்டியரிங்கின் கீழ்விளிம்பு தொடையில் இடிக்கும், பெடல்கள் மிகக் கிட்டே இருக்கும். உடம்பு நீண்டவருக்குத் தலை துணிக்கூரையில் முட்டும்; கண்ணுக்கு நேராக முன்கண்ணாடியின் மேல்சட்டம் வந்து நிற்கும், சிக்னல் விளக்கைப் பார்க்கவே குனிய வேண்டியிருக்கும். இரண்டு தொல்லைக்கும் மருந்து வேறு வேறு. ஒருவருக்குச் செய்த வேலையை அப்படியே இன்னொருவருக்குச் செய்தால் காசுதான் வீண்.

உடம்பு நீண்டவருக்குச் சீட்டைத் தாழ்த்த வேண்டும். சீட்டின் உறையைப் பிரித்தால் உள்ளே தடிமனான ஸ்பாஞ்ச் இருக்கும். அதில் உட்காரும் இடத்தை மட்டும் கூரிய கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுப்பார்கள். 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை வைத்திருக்கும் உயரமானவர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். ஓர் அங்குலம், சில சமயம் அதற்கு மேலும் கிடைக்கும். ஓர் அங்குலமா என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். தலைக்கும் கூரைக்கும் நடுவே அந்த ஓர் அங்குலம்தான் வேண்டியிருக்கும். ஆனால் ஒரே நாளில் ஆழமாக வெட்டிவிடக் கூடாது. கொஞ்சம் சீவி, உறையை மாட்டி, ஓட்டிப் பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம். அடியில் இருக்கும் கம்பியோ தகரமோ உடம்பில் உறுத்தும் அளவுக்குப் போனால் அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். நல்ல குஷன் தொழிலாளி கிடைத்தால் அவரிடமே விடுவது உத்தமம். அடர்த்தி மிகுந்த மெல்லிய ஸ்பாஞ்சாகப் பார்த்து வைத்துத் தைத்துத் தருவார்.

ஸ்பாஞ்சுக்கு முன்னால் சீட்டின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். எம்ஜிபி போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் சீட் முன்னும் பின்னும் நகரும் தடத்துக்கு அடியில் மரத்துண்டுகள் வைத்திருப்பார்கள். பின்பக்கத்தில் மட்டும் உயரத்தைக் குறைத்தால் சீட் லேசாக மல்லாந்து சாயும். தலை இறங்கும், தொடைக்கும் முன்பக்கம் நல்ல தாங்கல் கிடைக்கும். நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலைதான். இப்படிச் சின்ன வேலையில் பெரிய சுகம் கிடைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு நிறைந்துபோகும்.

கால் நீண்டவருக்கு முதலில் ஸ்டியரிங்கைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கார்களில் பவர் ஸ்டியரிங் கிடையாது. கையின் பலத்தால் திருப்ப வேண்டும் என்பதால் பெரிய வட்டமாக வைத்தார்கள். 16 அங்குல வட்டத்தைக் கழற்றிவிட்டு 14 அங்குல வட்டம் போட்டால் தொடைக்கு மேலே ஓர் அங்குலம் இடம் திறக்கும். பதிலுக்கு, நிறுத்தும் இடத்தில் திருப்பக் கை கொஞ்சம் கூடுதலாக வலிக்கும். சில கார்களில் வேகமானியின் ஒரு பகுதி மறையும். இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். அகலமான அடியுள்ள ஷூவை விட்டு மெல்லிய, ஒடுங்கிய ஷூ அணிந்தாலே பெடல் பக்கத்து நெருக்கடி பாதி தீரும்.

இதையெல்லாம் கார் செய்தவர்களும் உணர்ந்தே இருந்தார்கள். 1961 மார்ச் மாதம் ஜெனீவாவில் ஜாகுவார் இ-டைப் அறிமுகமானபோது உலகமே அதன் அழகைப் பார்த்து வாய் பிளந்தது. ஆனால் அதன் தரை தட்டையாக இருந்தது. உயரமானவர்கள் பாதத்தை வைக்க இடமில்லாமல் தவித்தார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே குதிகால் இறங்கும்படி தரையில் பள்ளம் அமைத்தார்கள். 1966-இல் பின்சீட்டோடு வந்த இ-டைப்பில் சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 9 அங்குலம் கூடியது. 1971-இல் வந்த 12 சிலிண்டர் வண்டிகள் எல்லாவற்றுக்கும் அந்த நீளமே நிலைத்தது.

லோட்டஸ் யூரோப்பாவில் வேறு விதமாக யோசித்தார்கள். 42 அங்குல உயரமே உள்ள கார் அது. அதன் முதல் வரிசை வண்டிகளில் சீட் நகரவே நகராது. பெடல்களைத்தான் ஓட்டுநரின் காலுக்குத் தகுந்தபடி முன்னே பின்னே வைத்துக்கொள்ள வேண்டும். மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில், பறவை சிறகு விரிப்பதுபோல் கதவு மேலே திறக்கும் அந்தப் புகழ்பெற்ற காரில், பக்கச்சுவர் மிகவும் உயரம். உள்ளே காலை எடுத்து வைப்பதற்காக ஸ்டியரிங்கையே மடக்கும்படி செய்திருந்தார்கள். இத்தாலியின் ஸகாட்டோ பட்டறை, அபார்த் கார்களின் கூரையில் இரண்டு தலைக்கும் மேலே இரண்டு புடைப்பு வைத்தது. இன்றைக்கு அந்த இரட்டைப் புடைப்பையே அழகு என்று கொண்டாடுகிறார்கள்.

இனி, தொடக் கூடாதவை. திறந்த காரில் தலை முன்கண்ணாடியின் மேல்சட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், கார் புரண்டால் முதலில் தரையில் படுவது தலை. பின்னால் பாதுகாப்பு வளையம் பொருத்தியிருந்தால், அதன் உச்சியிலிருந்து முன்கண்ணாடியின் உச்சிக்கு ஒரு நீளக் கம்பை வையுங்கள். உட்கார்ந்திருப்பவரின் தலை அந்தக் கம்புக்குக் கீழே இருக்க வேண்டும். அமெரிக்காவில் பந்தயத் தடங்களில் ஓட்ட வருபவர்களை இப்படித்தான் சோதிக்கிறார்கள். தலை கம்பைத் தொட்டால் சீட் இன்னும் இறங்க வேண்டும், அல்லது அந்தக் கார் உங்களுக்கு இல்லை.

சீட்டைப் பின்னுக்குத் தள்ளுவதற்காகத் தரையில் புதிதாக ஓட்டை போட்டுச் சாதாரண போல்ட்டால் முடுக்கிவிடுபவர்கள் உண்டு. பழைய காரின் தரை மெல்லிய தகரம். அறுபது வருஷத்துத் துருவும் சேர்ந்திருக்கும். மோதினால் சீட் ஆளோடு பிய்த்துக்கொண்டு போகும். உயர்ந்த தரமான போல்ட், தரைக்கு அடியில் அகலமான எஃகுத் தகடு, இரண்டும் இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது. சீட்டை இறக்கிய பிறகு பெல்ட் எங்கே படிகிறது என்றும் பாருங்கள். இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றின் மேல் ஏறக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கால் மாறும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் தட்டினால் அந்தக் காரைச் சாலைக்கே கொண்டுபோக வேண்டாம்.

காரின் மூலவடிவம் கெட்டுவிடாதா என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். கழற்றிய ஸ்பாஞ்ச், மரத்துண்டு, ஸ்டியரிங் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வைத்தால், நாளைக்கு வாங்குபவர் திரும்ப மாட்டிக்கொள்வார். திரும்ப ஒட்ட முடியாத வேலையை, தரையை அறுப்பது, தடுப்புச் சுவரை வெட்டுவது போன்றவற்றை, அரிய வண்டிகளில் செய்யக் கூடாது என்பதே என் கருத்து. தட்டைத் தரை உள்ள முதல் இ-டைப்கள் குறைவாகவே இருக்கின்றன. சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அதில் உங்கள் கால் நுழையவில்லை என்றால் பின்னால் வந்த இ-டைப்பை வாங்குங்கள், ஜாகுவாரே அதைச் சரிசெய்துதான் கொடுத்திருக்கிறது.

ஆறடிக்கு மேல் உயரமுள்ளவர் முதல் பழைய காரைத் தேடுகிறார் என்றால் நான் ஸ்ப்ரைட்டைச் சொல்ல மாட்டேன், எம்ஜிபியைச் சொல்வேன். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்; பாகங்கள் கிடைக்கும்; காலை நீட்ட இடம் இருக்கும். எந்தக் காரானாலும் பணம் கொடுப்பதற்கு முன்னால், ஓட்டும்போது போடும் அதே ஷூவோடு, கூரையை மூடி, பெல்ட்டை மாட்டி, அரை மணி நேரம் உள்ளே உட்காருங்கள். மூன்று பெடலையும் மிதித்துப் பாருங்கள், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். அந்த அரை மணி நேரத்தைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் கார் வாங்காதீர்கள்.