கழுத்துச் சுளுக்கு



அரிசி ஆலையில் மூட்டை சுமப்போரும் கொப்பரைக் களத்தில் நாள் முழுதும் குனிந்திருப்போரும், சில நாள் விடியலில் கழுத்து ஒருபுறம் சாய்ந்து திரும்பாத நிலையில் எழுவதுண்டு. காதின் பின்னெலும்பிலிருந்து காறையெலும்பு வரை ஓடும் தசையோ, கழுத்தையும் தோளையும் பிணைக்கும் தசையோ இறுகுவதே பெரும்பாலும் காரணமாகும். உயர்ந்த தலையணையும் இதனை விளைவிக்கும்.

வெந்நீர் ஒற்றடம் நாளொன்றுக்கு மூன்று முறை, 15 நிமிஷம் இடுக. வலி பொறுக்குமளவு கழுத்தை மெல்ல அசைத்து வருக. ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தீரும். தினக்கூலி போகிறதென்று மறுநாளே மூட்டை தூக்கினால் வலி நீளும்.

கால் முதலாய்ப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடுமென்பர். மிதிக்க விடலாகாது, அவர் மெல்ல எண்ணெய் தடவுவதில் குற்றமில்லை. க்ஷௌரக் கடையில் தலையைத் திருகி நெட்டி முறிப்பதோ பெருந்தீங்கு. கழுத்தெலும்பினூடே மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் கண்டோர் உண்டு.

காய்ச்சலும் தலைவலியும் கூடி, மோவாய் மார்பைத் தொடாவிடில் அது மூளைச்சவ்வின் அழற்சியாயிருக்கலாம். புண்பட்டபின் வாய் திறவாவிடில் தனுர்வாயுவாயிருக்கலாம். விழுந்தபின் கைகால் மரத்தலும் அபாயமே. இவற்றுக்கு ஒற்றடம் உதவாது. 108 வண்டியை அழைத்து உடனே அரசாங்க மருத்துவமனை சேர்க.

வாரக்கணக்கில் தலை தானே ஒருபுறம் திரும்பிக்கொண்டிருப்பின் அது நரம்பு நோய். அதற்கு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கொருமுறை இடும் பொட்டுலினம் ஊசி உண்டு. நரம்பு வைத்தியரைக் காண்க.