தன்னையும் சேர்த்து எண்ணு!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘பள்ளிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியலில் பெரிதும் தேவை, கணக்கிடும் திறமையா? முடிவு காணும் திறமையா?’ ‘முடிவு காணும் திறமையே’ என்ற அணியில் பேசியது. இடம்: கம்மாபுரம்)



எனக்கு முன்னால் பேசிய கணித ஆசிரியை அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. “தமிழ் வாத்தியாருக்கும் புள்ளியியலுக்கும் என்ன சம்பந்தம்? இவர் எதுக்கு இந்த மேடைக்கு வந்தார்?” என்று. நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் வாங்கிய மார்க்கை இங்கே சொன்னால், நடுவர் இப்போதே தீர்ப்பு எழுதிவிடுவார். (சிரிப்பு)

ஆனால் அம்மா, வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் இரண்டு கண் என்றார். அதிலும் எண்ணைத்தான் முதலில் வைத்தார். நான் ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணைப் பார்க்க வந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

எதிரணியின் வாதம் என்ன? “கூட்டத் தெரியாதவன், வகுக்கத் தெரியாதவன் என்ன முடிவு காணப் போகிறான்?” என்பது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ என்று பாடம் இருக்கிறது. வீச்சு, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு எல்லாம் பிள்ளைகள் அழகாகப் போடுகிறார்கள். விடை 6.34 என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போடுகிறார்கள். முழு மார்க்கு! “சரி தம்பி, இந்த 6.34 என்ன சொல்லுது?” என்று கேட்டுப் பாருங்கள். “விடை சரின்னு சொல்லுது சார்!” என்கிறான். (சிரிப்பு)

வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதை உங்களுக்கெல்லாம் தெரியும். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்தார்கள். கரையேறியதும் ஒருவன் எண்ணினான். ஐந்து பேர்தான் இருந்தார்கள். “ஐயோ, ஒருத்தரை ஆறு விழுங்கிடுச்சே!” என்று எல்லாரும் அழுதார்கள். கூட்டலில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, சரியாகத்தான் எண்ணினான். தன்னை எண்ண மறந்தான். கணக்கு சரி, முடிவு தப்பு! இந்தச் சீடனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே, கடைசியில் அவனிடம் திரும்பி வருகிறேன்.

முடிவு காணும் திறமைக்கு நம் நாட்டிலேயே ஓர் அருமையான சான்று உண்டு. 1947. தேசப் பிரிவினைக் கலவரம். டில்லி செங்கோட்டைக்குள்ளே ஏராளமான மக்கள் தஞ்சம் புகுந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போடும் ஒப்பந்தக்காரர்கள் அரிசிக்கு, பருப்புக்கு என்று பெரிய பெரிய பில்லாக நீட்டுகிறார்கள். உள்ளே எத்தனை பேர் என்று போய் எண்ண வழியில்லை. புள்ளியியல் அறிஞர்களைக் கேட்டார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? வாங்கிய அரிசியை, ஓர் ஆள் சாப்பிடும் அரிசியால் வகுத்தார்கள். பருப்பையும் அப்படியே. உப்பையும் அப்படியே. மூன்றும் ஒரே விடை தர வேண்டும் அல்லவா? தரவில்லை! அரிசிக் கணக்கில் ஆள் மிக அதிகம். உப்புக் கணக்கில் ஆள் மிகக் குறைவு.

எது உண்மை? வகுத்தல் தெரிந்தவனுக்கு மூன்றும் சரியான விடைதான். மனிதனைத் தெரிந்தவன்தான் சொன்னான்: “அன்றைக்கு அரிசி விலை ஏற்றம், பொய்க் கணக்கு எழுதினால் லாபம். உப்பு மலிவு, அதில் எவன் பொய் எழுதுவான்? உப்பை நம்பு!” (பலத்த கைதட்டல்) பேரறிஞர் சி. ஆர். ராவ் தம் நூலில் எடுத்துச் சொன்ன செய்தி இது. வகுத்தது கணக்கு. உப்பைத் தேர்ந்தெடுத்தது அறிவு.

அவ்வளவு தூரம் டில்லிக்கு ஏன் போக வேண்டும்? பக்கத்திலே விருத்தாசலம், பீங்கான் ஊர். ஒரு சூளையை எடுத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: ஐந்து தட்டு, தட்டுக்கு இருநூறு பொம்மை, மொத்தம் ஆயிரம். சூளையைப் பிரித்தால் ஐம்பது விரிசல். நூற்றுக்கு ஐந்து. “பரவாயில்லையே” என்று முதலாளி தூங்கப் போய்விடுவார். கூட இருக்கிற தொழிலாளி என்ன கேட்பார்? “எந்தத் தட்டுல விரிசல்?” பார்த்தால், ஐம்பதில் நாற்பது அடித்தட்டிலே! அந்தத் தட்டுக்கு மட்டும் நூற்றுக்கு இருபது. நோய் அடித்தட்டில் இருக்கிறது. சராசரி அதை மூடி மறைத்துவிட்டது.

நடுவர் அவர்களே, இந்த அடித்தட்டை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பறைக்குள் வாருங்கள். 2022-ஆம் ஆண்டு இந்த வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளிக்குத் தமிழ் மன்ற விழாவுக்கு வந்திருந்தேன். விழா தொடங்க நேரம் இருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர், “ஐயா, சும்மா உட்காருங்க” என்று என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். எனக்குப் பழக்கப்பட்ட இடம்தான். (சிரிப்பு)

அவர் கரும்பலகையில் நம் கடலூர் மாவட்டத்துக் கணக்கை எழுதினார். ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள்? 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 986. 2011-இல் 987. “என்ன தெரியுது?” என்றார். “ஒண்ணு ஏறியிருக்கு சார், நல்லா இருக்கோம்!” என்று வகுப்பே சொன்னது.

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வரியை எழுதினார். ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் மட்டும்: 2001-இல் 957. 2011-இல் 896.

வகுப்பு அடங்கிப் போனது. அதே மாவட்டம், அதே பத்து ஆண்டு. மொத்தக் கணக்கு ஒன்று ஏறுகிறது. குழந்தைக் கணக்கு அறுபத்தொன்று இறங்குகிறது! மொத்தக் கணக்கில் பாட்டிகள் இருக்கிறார்கள், அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் தாங்கிப் பிடித்த எண்ணுக்குள்ளே குழந்தைகள் ஒளிந்துவிட்டார்கள். சூளையின் அடித்தட்டு!

ஒரு பையன் எழுந்தான். துடியான பையன். “சார், இந்தக் கணக்கு தப்பு. நம்ம கிளாசிலேயே பொண்ணுங்கதான் ஜாஸ்தி!” வகுப்பே சிரித்தது. ஆசிரியர் அவனை அதட்டவில்லை. “நல்ல கேள்விடா. யாராவது பதில் சொல்லுங்க” என்றார். ஒரு பெண் மெதுவாக எழுந்து சொன்னது: “சார், எங்க வீட்ல அண்ணனை நெய்வேலியில இங்கிலீஷ் மீடியத்துல பணம் கட்டிச் சேர்த்திருக்காங்க. என்னை இங்க சேர்த்தாங்க.”

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். எப்போது? பானையைக் கிளறிவிட்ட பிறகு! மேலே இருக்கிற சோற்றை மட்டும் தொட்டுப் பார்த்தால் அடிப்பிடித்தது தெரியுமா? அந்த வகுப்பு கிளறாத பானை. பையன்களை வேறு தட்டில் வைத்துவிட்டார்கள். மாதிரி எடுப்பது என்ற பெரிய பாடத்தை அந்தப் பெண் இரண்டு வரியில் நடத்திவிட்டு உட்கார்ந்தது.

உட்கார்ந்ததும் மறுபடி எழுந்தது. “சார், 2011-ல எனக்கு நாலு வயசு. அந்த 896-ல நானும் இருக்கேனா?”

“ஆமாம்மா. நீயும் இருக்கே.”

“அப்போ எனக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்க வேண்டியவ எங்க சார்?”

(அரங்கம் அமைதி)

நான் முப்பது ஆண்டு மேடையில் பேசியிருக்கிறேன். அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. இயற்கையில் நூறு பெண் குழந்தை பிறந்தால் ஏறத்தாழ நூற்றைந்து ஆண் குழந்தை பிறக்கும். அப்படிப் பார்த்தால் ஆயிரத்துக்கு 950 பெண்ணாவது இருக்க வேண்டும். இருந்தது 896. ஆயிரத்துக்கு ஐம்பதுக்கு மேல் குறைகிறது. அது வெறும் எண் என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பெண் அதைப் பக்கத்து இருக்கையாகப் பார்த்தது.

இங்கேதான் ஆசிரியரின் பெருமை. அவர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. “காரணம் என்னவா இருக்கலாம்?” என்று கேட்டார். கருவிலேயே கலைத்திருக்கலாம். பிறந்த பிறகு கவனிக்காமல் விட்டிருக்கலாம். கணக்கெடுக்க வந்தபோது பெண் குழந்தையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். பிள்ளைகளே சொன்னார்கள். “எது எவ்வளவுன்னு இந்த எண்ணை வெச்சு மட்டும் சொல்ல முடியுமா?” “முடியாது சார்.” “உங்க தெருவுல நாலு பையன், ரெண்டு பொண்ணு இருந்தா, அந்த வீட்டுக்காரங்களைக் குற்றம் சொல்லலாமா?” “கூடாது சார். சின்னக் கணக்கு எப்படி வேணாலும் ஆடும்.” எத்தனை பக்குவம் பாருங்கள்! எண் கேள்வியைக் கேட்கும். பதிலை நாம்தான் தேட வேண்டும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் அங்கே வந்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது. சேலத்தில் 2001-இல் 851 ஆக இருந்த குழந்தைக் கணக்கு 2011-இல் 916 ஆனது. “தொட்டில்தான் காப்பாத்திச்சு!” என்றான் ஒருவன். “இருக்கலாம். ஆனா, வயித்துல இருக்கிற குழந்தை ஆணா பெண்ணான்னு ஸ்கேன் பார்த்துச் சொல்லக்கூடாதுன்னு 1994-ல சட்டம் வந்துச்சு. பொண்ணுங்க படிப்பு கூடிச்சு. எந்தக் காக்காயால எந்தப் பழம் விழுந்துச்சு?” என்றார் ஆசிரியர். ஆனாலும் எண்ணைப் பார்த்துச் செயல்பட வேண்டாமா? வேண்டும். 2011 கணக்கு வந்த பிறகுதான் அந்தத் திட்டம் நம் கடலூர் மாவட்டத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. 987-ஐ மட்டும் பார்த்திருந்தால் தொட்டில் இங்கே வந்திருக்குமா?

எதிரணி நண்பர்களே! கணக்கிடும் திறமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கரண்டி. ஆனால் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, சமையல் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லக்கூடாது. இன்றைக்குக் கைப்பேசி ஒரு நொடியில் திட்ட விலக்கம் போட்டுத் தருகிறது. “யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள், எண்ணியவருக்கு என்ன லாபம், சராசரிக்குள்ளே யார் ஒளிந்திருக்கிறார்கள்” என்று கேட்கப் பிள்ளையைப் பழக்க ஆசிரியர் வேண்டும். ஒவ்வொரு கணக்கின் கீழேயும் இரண்டு கோடு போடுவதற்கு முன்னால், “இதனால் நான் அறிவது” என்று ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அதற்கும் ஒரு மார்க்கு போடுங்கள். போதும்.

2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2011-க்கு அடுத்த எண் வரும்போது, கம்மாபுரத்துப் பிள்ளைகள் மொத்தக் கணக்கைப் பார்த்துக் கைதட்டக்கூடாது. “அடித்தட்டைக் காட்டுங்க” என்று கேட்க வேண்டும்.

பரமார்த்த குருவின் சீடன் தன்னை எண்ண மறந்தான். இல்லாத சாவுக்கு அழுதான். இந்த ஊர்ப் பெண் தன்னையும் சேர்த்து எண்ணினாள். அதனால்தான் பக்கத்தில் இல்லாதவளைக் கண்டாள். கணக்கிடும் திறமை சீடனுக்கும் இருந்தது. முடிவு காணும் திறமை அந்தப் பெண்ணிடம் இருந்தது. தீர்ப்பை யார் பக்கம் எழுத வேண்டும் என்று நடுவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

(நீண்ட கைதட்டல்)