வௌவாலும் இலுப்பையும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க: "கோயில் தோப்பு இலுப்பையில வௌவால் தொங்கி ஒரே நாத்தம். மரத்தையே வெட்டிட்டா என்ன?" அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படித்துவிட்டு வந்திருக்கிறேன்.

பழந்தின்னி வௌவால் பறவை இல்லை. நம்மைப் போலக் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஜாதி. இறக்கையை விரித்தால் நாலடி இருக்கும். வருஷத்துக்கு ஒரே குட்டி. அதையும் நெஞ்சோடு சுமந்துகொண்டே பறக்கும். இலுப்பையும் அவசரப்படாத மரம். நட்டால் காய்க்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும். இரண்டுமே போனால் சீக்கிரம் திரும்பாது.

மாசி, பங்குனியில் இலுப்பை பூக்கும்போது, ராத்திரியில் வௌவால் வந்து அந்தத் தித்திப்புப் பூவைத் தின்னும். மகரந்தம் முகத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். பழம் வந்தால் சதையைத் தின்னுட்டு, கொட்டையை வேற இடத்துல போடும். நாம பொறுக்கி எண்ணெய் ஆட்டுற கொட்டையில அதோட உழைப்பும் இருக்கு. கூலி கேட்காத ஆளு!

1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இதை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் இந்த வௌவால் 'கவலை குறைவு' வகைதான். ஆனாலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. இலுப்பைக்கோ, சந்தன மரத்துக்கு இருக்கிற காவல் கிடையாது. கோயில் மரம் என்கிற பயம்தான் இதுவரை காப்பாத்தியிருக்கு.

வௌவால் கறி தின்றால் இழுப்பு நிற்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. நிபா கிருமி இந்த வௌவாலிடம் இருக்கக்கூடியது. 2018இல் கேரளாவில் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் 17 பேர் இறந்தார்கள். அதனால் வௌவாலைப் பிடிக்கவும் வேண்டாம், அது கடித்த பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம். கொட்டை பொறுக்கினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க.

நாத்தம் உண்மைதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். கூட்டம் போடுற இடத்தை வேப்ப மரத்தடிக்கு மாத்திக்கலாம். ஆடியில் கொட்டை பொறுக்கும்போது குழுவுக்கு இருபது கொட்டை தனியா எடுத்து, காயவிடாமல் உடனே பையில் ஊன்றுங்க. நாள் போனால் முளைக்காது. பையும் மண்ணும் நான் கொண்டு வர்றேன்.