கர்ப்பகாலச் சர்க்கரை: பிரசவத்தோடு முடிவதில்லை

(மகளிர் தினத்தன்று நமது சமுதாயக் கூடத்தில், ‘பி’ பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் பேசியது)

முப்பது வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டாவது பிரசவத்தின்போது, ஏழாம் மாதத்தில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. குழந்தை பிறந்ததும் இறங்கிவிட்டது. நானும் மறந்துவிட்டேன். எட்டு வருஷம் கழித்துக் கண் மங்கலானபோதுதான் மறுபடி ரத்தம் பார்த்தேன். சாப்பிட்டபின் 320! ஊருக்கெல்லாம் சொன்ன நானே ஏமாந்தேன்.

“இனிப்பு தின்றதால் வந்தது” என்று கர்ப்பிணியைக் குறை சொல்லாதீர்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடுவதில்லை. அதை ஈடுகட்ட உடம்பால் முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. அது குழந்தைக்கும் போவதால் குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாகலாம், பிரசவம் சிரமமாகலாம். பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்தும் போகலாம்.

பரிசோதனை எளிது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். வெறும் வயிறு தேவையில்லை. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. இந்த எளிய முறையைப் பரவலாக்கியவர் நம் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. முதல் செக்கப்பில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை செய்யுங்கள்.

சர்க்கரை இருந்தால் பட்டினி கிடக்கக் கூடாது. “இரண்டு உயிருக்குச் சாப்பிடு” என்று திணிக்கவும் கூடாது. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். சாதத்தைக் குறைத்து, காய், கீரை, பருப்பு, சுண்டல், முட்டையைக் கூட்டுங்கள். ஜூஸ் வேண்டாம், பழமாகச் சாப்பிடுங்கள். வளைகாப்புக்குப் போனால் கலந்த சாதம் ஒரு கரண்டி போதும். டாக்டர் சம்மதித்தால், சாப்பிட்டபின் நம் பூங்காவில் இரண்டு சுற்று நடக்கலாம்.

வெறும் வயிற்றில் 95, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120. இவற்றுக்குள் இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் உணவால் அடங்காவிட்டால் டாக்டர் மாத்திரையோ இன்சுலினோ தருவார். இன்சுலின் ஊசிக்குப் பயப்படாதீர்கள். அது குழந்தைக்குக் கெடுதல் செய்யாது.

கடைசியாக, நான் கோட்டைவிட்ட விஷயம். ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போவோம் இல்லையா? அன்றே தாய்க்கும் குளுக்கோஸ் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். பிறகு வருஷம் ஒருமுறை. பாட்டிமார்களே, தாத்தாமார்களே, பேரப்பிள்ளையைத் தூக்கும் கையோடு இதையும் ஞாபகப்படுத்துங்கள். பச்சை உடம்புக்காரிக்குத் தன்னைப் பற்றி நினைக்க நேரம் இருக்காது.